பாட்டியின் மறதியும் பத்து நிமிடத் தியானமும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று ஒரு காணொளி வந்து விழும். பின்னணியில் புல்லாங்குழல். “தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள். எட்டே வாரத்தில் மூளை வளரும், மறதி பறந்துபோகும்” என்று ஒரு குரல் உறுதி கூறும். அத்தை அதை மேலும் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவைப்பார். “பாட்டிக்கும் இதைப் போட்டுக்கொடு” என்று உங்களுக்கு உத்தரவு வரும். செயலியைப் பதிவிறக்குவது, கடவுச்சொல் போடுவது, எழுத்தைப் பெரிதாக்கித் தருவது எல்லாம் வீட்டில் இளையர்களின் வேலைதானே.

அந்தக் காணொளி சொல்வது முழுப் பொய் அல்ல. அதற்குப் பின்னால் உண்மையாகவே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனால், அதில் கலந்துகொண்டவர்கள் யார், எத்தனை பேர், அதன் பிறகு மற்ற ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள் என்பதையெல்லாம் காணொளி சொல்வதில்லை.

சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு முதுமை மறதிநோய் இருக்கிறது என்று மனநலக் கழகம் இருமுறை ஆராய்ந்தது. 2013இல் 10 விழுக்காடாக இருந்த விகிதம் 2023இல் 8.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஏறத்தாழ 11 பேரில் ஒருவர். விகிதம் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் 2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மூத்தோர் எண்ணிக்கை கூடக்கூட, மறதிநோயோடு வாழ்பவர்களின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும். அவர்களில் ஒருவர் நம் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்கக்கூடும். ஆகவே, தியானம் முதியவர்களின் மூளையைக் காக்குமா என்ற கேள்வியைப் பொறுமையாகவே பார்ப்போம்.

எது இந்த ‘மைண்ட்ஃபுல்னஸ்’?

ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் என்று சொல்லப்படுவதை இங்கே முழுக்கவனப் பயிற்சி என்று அழைப்போம். இந்த நொடியில் நடப்பதை, அது நடக்கும்போதே, ‘நல்லது’, ‘கெட்டது’ என்று முத்திரை குத்தாமல் கவனிப்பதே அதன் சாரம். வேர் பௌத்த மரபில் இருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் அதிலிருந்து சமயக் கூறுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தீராத வலியோடும் மன உளைச்சலோடும் வந்த நோயாளிகளுக்காக எட்டு வார வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகில் நடக்கும் பெரும்பாலான ஆய்வுகள் அந்த எட்டு வார வகுப்பையோ அதன் சாயலில் அமைந்த வகுப்புகளையோதான் பயன்படுத்துகின்றன. காணொளியில் வரும் ‘எட்டே வாரம்’ எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

மனத்தைக் காலியாக்குவதுதான் தியானம் என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்கவனப் பயிற்சியில் அப்படி எதுவும் கேட்கப்படுவதில்லை. மூச்சைக் கவனிக்கிறோம். பத்து நொடியில் மனம் இரவுச் சாப்பாட்டுக்கோ நாளைய மருத்துவர் சந்திப்புக்கோ ஓடிவிடுகிறது. ஓடிவிட்டது என்று தெரிந்ததும் கோபப்படாமல் திரும்ப அழைத்துவருகிறோம். மறுபடியும் ஓடுகிறது. மறுபடியும் அழைக்கிறோம். உடற்பயிற்சிக் கூடத்தில் எடையைத் தூக்கி இறக்குவதுபோல, இந்தத் திரும்ப அழைத்துவரும் வேலைதான் பயிற்சி. மனம் ஓடாமலே இருந்தால் பயிற்சி செய்ய ஒன்றுமில்லை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவது இயல்பு. புதிய நினைவுகளைப் பதிவு செய்வதில் முக்கியப் பங்கு வகிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியும் அப்படிச் சுருங்கும். கடற்குதிரை போன்ற வடிவம் கொண்டதால் கிரேக்க மொழியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சிந்தனை வேகமும் குறையும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது கடினமாகும்.

இங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் பழக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்பவற்றில் பலவும் உண்மையில் மறக்கப்பட்டவை அல்ல, பதிவாகாதவை. அலைபேசியில் பேசிக்கொண்டே சாவியை எங்கோ வைக்கிறார் தாத்தா. வைக்கும் நொடியில் அவருடைய கவனம் பேச்சில் இருந்தது. சாவி வைத்த இடம் மூளைக்குள் போகவே இல்லை. உள்ளே போகாததை எப்படி வெளியே எடுப்பது? வகுப்பில் ஆசிரியர் சொன்னது நினைவில்லை என்று நீங்கள் சொல்லும்போதும் பல நேரம் நடப்பது இதுவே. நினைவாற்றலுக்கு வாசற்படி கவனம். ஆகவே கவனத்தைப் பழக்கினால் நினைவும் தேறும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததில் தவறில்லை.

மன உளைச்சலும் ஒரு காரணம். உளைச்சல் ஏற்படும்போது உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதை ஏற்கும் வாங்கிகள் ஹிப்போகேம்பஸில் மிகுதி. நீண்டகாலம் உளைச்சலில் இருப்பது அந்தப் பகுதிக்கு நல்லதல்ல என்பதை விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உளைச்சலைக் குறைக்கும் பயிற்சி மூளையையும் காக்கலாம் அல்லவா? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாகத் தோன்றுவது வேறு, நிரூபிக்கப்படுவது வேறு. அறிவியல் பாடத்தில் கருதுகோளையும் முடிவையும் தனித்தனித் தலைப்பில் எழுதச் சொல்வது சும்மா இல்லை.

16 பேர், 218 பேர், 585 பேர்

‘எட்டு வாரத்தில் மூளை வளரும்’ என்ற பேச்சுக்கு மூலமான ஆய்வு 2011இல் வெளிவந்தது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், எட்டு வார வகுப்புக்கு முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசு அடர்ந்திருப்பதாகத் தெரிந்தது. செய்தி உலகெங்கும் பரவியது.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் 16 பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சிறு குழு. 16 பேரும் முதியவர்கள் அல்லர். வேலை, குடும்பம் என்று இருக்கும் நடுவயதினர். உளைச்சல் குறையட்டும் என்று தாமாகவே வகுப்பைத் தேடி வந்தவர்கள். எந்தக் குழுவில் யார் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவானதல்ல. இதனால் ஆய்வு மோசமானது என்று சொல்ல வரவில்லை. முதல் அடி எடுத்துவைக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவைதான். ஆனால் அது பாட்டியைப் பற்றிய ஆய்வு அல்ல. அத்துடன், மூளைப் படத்தில் ஓரிடம் ஆரஞ்சு நிறத்தில் மின்னினால் போதும், நம்மில் பலர் அடுத்த கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம்.

அடுத்த கேள்வியை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்தக் குழுவில் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒருவர். தியானம் செய்யும் பிக்குகளின் மூளையை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தியானத்தை எதிர்ப்பவர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து, 218 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். எட்டு வாரம் கழித்து மூளையின் அமைப்பில் வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் குறிப்பிடும்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. 2022இல் முடிவு வெளிவந்தது. அந்த முடிவைப் பற்றிய காணொளியை உங்கள் அத்தை அனுப்பியிருக்க மாட்டார்.

சரி, படத்தை விடுவோம். பாட்டிக்கு வேண்டியது அழகான மூளைப் படமா, நல்ல நினைவாற்றலா? அதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வும் அதே 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. செயிண்ட் லூயிசில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகமும் சேர்ந்து நடத்தியது. 65 முதல் 84 வயது வரையிலான 585 பேர். யாருக்கும் மறதிநோய் இல்லை. ஆனால் ‘முன்புபோல் நினைவில் நிற்பதில்லையே’ என்ற கவலை எல்லாருக்கும் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் நிலை பெரும்பாலும் இதுதானே.

அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு முழுக்கவனப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு உடல்நலம் பற்றிய பாடங்கள் மட்டும். 18 மாதங்கள் நீடித்தது. 6 மாதத்திலும் 18 மாதத்திலும் நினைவாற்றலையும், திட்டமிட்டுச் செயல்படும் திறனையும் சோதித்தார்கள். தியானம் செய்தவர்கள் செய்யாதவர்களைவிட முந்தவில்லை. உடற்பயிற்சி செய்தவர்களும் முந்தவில்லை.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தியானம் செய்தவர்களின் மதிப்பெண் ஏறத்தான் செய்தது. அதை மட்டும் எடுத்து ‘தியானத்தால் நினைவாற்றல் கூடியது’ என்று தலைப்புப் போட்டிருக்கலாம். ஆனால் தியானம் செய்யாதவர்களின் மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. கடந்த ஆண்டுத் தேர்வுத்தாள்களைச் செய்து பார்க்கும்போது இரண்டாவது தாளில் மதிப்பெண் கூடுவதில்லையா? சோதனை பழகிவிட்டாலே மதிப்பெண் கூடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாத ஆய்வை நம்பி நம் வீட்டில் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பிரான்சிலும் ஏறத்தாழ இதே கதை. நார்மண்டி வட்டாரத்தின் கான் நகரில் 65 வயதைக் கடந்த 137 பேர், 18 மாதம். ஒரு குழு தியானம் செய்தது, ஒரு குழு ஆங்கிலம் கற்றது, ஒரு குழு வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தது. கவனத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய இரண்டு மூளைப் பகுதிகளின் பருமனும் இரத்த ஓட்டமும் தியானத்தால் மாறவில்லை.

இருபது ஆண்டு தியானம் செய்தால் என்ன ஆகும் என்று இந்த ஆய்வுகளால் சொல்ல முடியாது. 18 மாதம் குறுகிய காலம் என்று வாதிடலாம். அது நியாயமான வாதம். ஆனால் ‘எட்டே வாரம்’ என்பவர்கள் அந்த வாதத்தைப் பயன்படுத்த முடியாது.

பிறகு எதற்குச் செய்ய வேண்டும்?

இதைப் படித்துவிட்டுப் பாட்டியின் கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிடாதீர்கள். நினைவாற்றல் என்ற ஒற்றைக் கேள்வியோடு வந்ததால்தான் ஏமாற்றம். முதியவர்களின் அன்றாட வாழ்க்கையில் வேறு தொல்லைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்தப் பயிற்சி கைகொடுப்பதாகவே தெரிகிறது.

தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு விழித்து, விடியும்வரை கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் பெரியவர் பல வீடுகளில் இருக்கிறார். லாஸ் ஏஞ்சலிசில் சராசரி வயது 66 உள்ள, தூக்கக் கோளாறு கொண்ட 49 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஆறு வாரம் முழுக்கவனப் பயிற்சி கற்றது. மற்றொரு குழுவுக்கு நல்ல தூக்கப் பழக்கங்கள் பற்றிய வகுப்பு. 2015இல் வந்த முடிவின்படி பயிற்சி செய்தவர்களின் தூக்கம் கூடுதலாகத் தேறியது. பகலில் சோர்வும் மனவாட்டமும் குறைந்தன.

தனிமை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 55 முதல் 85 வயது வரையிலான 40 பேரிடம் செய்யப்பட்டு 2012இல் வெளிவந்தது. எட்டு வார வகுப்புக்குச் சென்றவர்களிடம் தனிமை உணர்வு குறைந்திருந்தது. நான் சற்று முன் 16 பேரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டேன். 40 பேரும் 49 பேரும் மட்டும் பெரிய எண்ணிக்கையா என்று நீங்கள் கேட்டால், கேட்பது சரியே. நமக்குப் பிடித்த முடிவு வந்தாலும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். இருந்தாலும் இவை முதியவர்களையே நேரடியாக ஆராய்ந்தவை. குலுக்கல் முறையில் குழு பிரித்தவை. ‘மூளை வளர்ந்தது’ என்றெல்லாம் சொல்லாமல், தூங்கினாரா, தனிமையாக உணர்ந்தாரா என்று மட்டும் கேட்டவை. கான் நகர ஆய்விலும் கவனத்தைக் கட்டுப்படுத்துவது, உணர்ச்சிகளைக் கையாள்வது, தன்னை அறிவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த மதிப்பெண்ணில், தியானம் செய்தவர்கள் ஆங்கிலம் கற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள்.

சிங்கப்பூரும் இந்தத் துறையில் பின்தங்கவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநலப் பேராசிரியர் குவா ஈ ஹியோக் வழிநடத்திய ஜூரோங் முதுமை ஆய்வில், அந்த வட்டாரத்து மூத்தோருக்கு தை சி, ஓவியம், பழைய பாடல்களோடு நினைவுகளைப் பகிர்வது ஆகியவற்றோடு முழுக்கவனப் பயிற்சியும் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆய்வகத்துக்கு வரவழைக்காமல் மக்கள் புழங்கும் கடைத்தொகுதியிலேயே, ஜூரோங் பாயிண்டில், இடம் அமைத்தார்கள். காய்கறி வாங்க வருபவர் அப்படியே வகுப்புக்கும் வந்துபோகலாம். என்னைக் கேட்டால் அந்த ஏற்பாடு மூளைப் படங்களைவிடச் சுவையானது.

அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள 55 மூத்தோரை வைத்து இன்னோர் ஆய்வும் செய்தார்கள். இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலை அது. மூன்று மாதம் வாராவாரம், பிறகு ஆறு மாதம் மாதம் ஒருமுறை பயிற்சி. ஒப்பீட்டுக் குழுவுக்கு உடல்நலப் பாடங்கள். ஒன்பது மாத முடிவில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஒரு பொருளின் அளவு பயிற்சிக் குழுவினரின் இரத்தத்தில் குறைந்திருந்தது. அதனால் மறதிநோய் தள்ளிப்போகும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

‘லான்செட்’ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைக் கையாண்டால் உலகில் மறதிநோய்ப் பாதிப்புகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், கெட்ட கொழுப்பு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமைப்பட்டிருத்தல் முதலியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. ‘தியானம் செய்யாமை’ என்று ஒன்று அதில் கிடையாது. ஆனால் மனச்சோர்வும் தனிமையும் இருக்கின்றன. பாட்டியின் மனம் லேசாகி, அவர் வெளியே போய் நாலு பேரோடு பேசத் தொடங்கினால், அது மறதியைத் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் இலாபம்தான்.

தியானத்துக்கு முன் மருத்துவர்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காணொளிகளால் ஏற்படும் பெரிய கேடு பொய்யான நம்பிக்கைகூட அல்ல; காலதாமதம். ‘செயலி போட்டுக் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்’ என்று ஆறு மாதம் போய்விடுகிறது.

சாவியை வைத்த இடம் மறப்பது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நிற்பது, பிறகு குளிக்கும்போது நினைவுக்கு வருவது இவையெல்லாம் வயதின் இயல்பு. ஆனால், இருபது ஆண்டாகப் போய்வரும் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு முறை கேட்பது, கண்ணை மூடிக்கொண்டு வைத்த சாம்பாரில் இப்போது எதை முதலில் போடுவது என்று தடுமாறுவது, பணம் எண்ணுவதில் குழப்பம், வழக்கத்துக்கு மாறாகச் சந்தேகமும் கோபமும் ஆகியவற்றை வயதின்மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கைப்பேசியில் குறித்துவைத்திருந்தால் மருத்துவருக்குப் பேருதவி.

மறதிபோலத் தோன்றும் எல்லாமே மறதிநோய் அல்ல. தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், பி12 வைட்டமின் பற்றாக்குறை ஆகியவையும் நினைவைக் குழப்பும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பி12 நம் வீடுகளில் தனிக் கவனம் கேட்கும் விஷயம். அது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றிலிருந்தே கிடைக்கிறது. சைவ உணவு உண்ணும் பெரியவர்களுக்கு அது குறையலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் குறையலாம். சைவம், நீரிழிவு இரண்டும் சேர்ந்த தாத்தா பாட்டிகள் நம்மிடையே எத்தனை பேர்! ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

காதையும் பாருங்கள். சொன்னதே காதில் விழாதவரை ‘மறந்துவிட்டார்’ என்று நினைப்பது எளிது. 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்கள் கண், காது, பல் மூன்றையும் சலுகை விலையில் பரிசோதித்துக்கொள்ள ‘புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்’ திட்டம் இருக்கிறது. செவித்திறன் கருவி வேண்டிய பாட்டிக்குத் தியானச் செயலி வாங்கிக் கொடுத்து என்ன பயன்? அதில் பேசும் குரலே அவருக்குக் கேட்காதே.

பாட்டிக்குப் புரியும் மொழியில்

பெரும்பாலான செயலிகள் ஆங்கிலம் பேசுகின்றன. அதுவும் ஒருவித மெல்லிய, மூச்சுவிடும் ஆங்கிலம். தமிழிலேயே வாழ்ந்த பெரியவருக்கு அது வானொலி இரைச்சல் மாதிரிதான். இங்கேதான் உங்கள் குரல் தேவைப்படுகிறது. கடினமான சொல் எதுவும் வேண்டாம். வீட்டில் பேசுவது போலவே பேசலாம்:

“பாட்டி, நாற்காலியில நல்லா சாஞ்சு உட்காருங்க. செருப்பைக் கழற்றிட்டு ரெண்டு பாதத்தையும் தரையில வைங்க. தரை சில்லுன்னு இருக்கா? சும்மா கவனிச்சுப் பாருங்க. கண்ணை மூடணும்னு இல்ல, கீழ பார்த்தாலும் போதும். இப்ப மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் பாருங்க. மாத்த வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும். வேற நினைப்பு வரும். வந்தா பரவால்ல. வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் மறுபடி பாதத்துக்கு வாங்க.”

இவ்வளவுதான். முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். பிறகு ஐந்து, பத்து என்று கூட்டலாம். சம்மணம் போடச் சொல்லி முழங்கால் வலியை வரவழைக்காதீர்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும் எளிதில் படபடப்பு வருபவர்களுக்கும் மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். அப்படியானால் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தையோ வெளியே கேட்கும் பறவை, பேருந்து ஒலிகளையோ கவனிக்கச் சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவர் அமைதியாக உட்கார்ந்தால் அழுகை பொங்கிவரலாம். கட்டாயப்படுத்தாமல் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் இது மருத்துவத்துக்கு மாற்று ஆகாது.

எட்டு வார வகுப்புகளில் புகழ்பெற்ற பயிற்சி ஒன்று, ஒரே ஒரு காய்ந்த திராட்சையைச் சாப்பிடுவது. கையில் வைத்துச் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் உருட்டி, மெல்ல மென்று விழுங்க ஐந்து நிமிடம் ஆகும். விழுங்குவதில் சிரமம் இல்லாத பெரியவர்களோடு சேர்ந்து செய்து பார்க்கலாம். “இதுக்கு ஒரு வகுப்பா?” என்று பாட்டி சிரிப்பார். சிரிக்கட்டும். திராட்சை பாயசத்தில் போட வைத்திருந்தது என்று தொடங்கி ஐம்பது ஆண்டுக்கு முந்திய தீபாவளிக் கதைகூட வரலாம்.

“நான்தான் தினமும் ஜெபம் பண்றேனே, கோலம் போடுறேனே, தஸ்பீஹ் உருட்டுறேனே, அது போதாதா?” என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அவற்றிலும் கவனம் ஓரிடத்தில் நிற்கிறது, ஓடினால் திரும்பி வருகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் அவற்றைச் சோதிக்கவில்லை என்பதால் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்கு மனம் ஒன்றும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும்போது, அதைப் பிடுங்கிவிட்டுச் செயலியைக் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓர் இடைஞ்சல் எப்போதும் வரும். இரண்டாவது வாரத்திலேயே பாட்டி பயிற்சியை மறந்துவிடுவார், அல்லது மறந்துவிட்டதாகச் சொல்வார். தனியாகச் செய்யச் சொன்னால் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்து உட்காரலாம். தேர்வுக் காலத்தில் அது உங்களுக்கும் பயன்படும். இல்லையென்றால், பேட்டையில் உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் என்ன வகுப்புகள் நடக்கின்றன என்று போய்க் கேளுங்கள். நாற்காலி உடற்பயிற்சி, பாட்டு, கைவினை என்று ஏதாவது இருக்கும்; பாட்டி வாரம் இருமுறை வீட்டைவிட்டு வெளியே வர அதுவே ஒரு காரணமாகும். அங்கே முழுக்கவனப் பயிற்சி நடந்தால், எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். தமிழில் இல்லை என்று பதில் வந்தால், மேலே உள்ள எட்டு ஒன்பது வரிகளைத் தமிழில் சொல்லத் தெரிந்த தொண்டூழியர் ஒருவர் அவர்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறார்.